கம்பனி வராத ஊருக்குக் கூட்டுறவு இணையம்

இன்றைய வியாபாரிக்குத் தராசும் கல்லாப்பெட்டியும் எப்படியோ, இணைய இணைப்பும் அப்படித்தான். கொழும்பு மொத்த வியாபாரிக்கு ஓடர் கொடுப்பது வட்ஸ்அப்பில். பணம் அனுப்புவது வங்கியின் இணையச் சேவையில். வாடிக்கையாளரிடம் பணம் பெறுவது கியூஆர் அட்டையில். வரிப் படிவம் சமர்ப்பிப்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில். நகரத்துக் கடைக்காரர் இவற்றை ஒரு வசதியாக நினைப்பதே இல்லை, அந்தளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் பிரதான வீதியிலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே அரிசி ஆலையோ, பால் சேகரிப்பு நிலையமோ, தளபாடப் பட்டறையோ நடத்துபவரின் நிலைமை வேறு. கையடக்கத் தொலைபேசியில் ஒன்றிரண்டு கோடு சிக்னல் வரும், மழை பெய்தால் அதுவும் போகும். நிலையான இணைப்புக் கேட்டால், உங்கள் பகுதிக்கு இப்போதைக்கு வசதியில்லை என்ற பதிலே கிடைக்கும்.

2021ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின்போது பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்து ஆசிரியர்களும் மாணவர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டால் அது செய்தியாகிறது. கிராமத்து வியாபாரியின் ஓடர் தடைப்பட்டால் எவரும் எழுதுவதில்லை. அந்த ஓடர் ஓசையின்றி அடுத்த நகரத்துக் கடைக்குப் போய்விடுகிறது. பின்னால் வியாபாரியின் மகனும் அந்த நகரத்துக்கே போய்விடுகிறான்.

இந்தப் பிரச்சினைக்கு நமது வர்த்தகர்கள் இரண்டு வழிகளையே அறிந்திருக்கிறார்கள். ஒன்று, கம்பனி வரும்வரை காத்திருப்பது. மற்றது, அரசியல்வாதியிடம் மனுக் கொடுப்பது. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஊரவர்களே சங்கமாகச் சேர்ந்து, தமது இணைய வலையமைப்பைத் தாமே அமைத்து, தாமே உரிமையாளராக இருந்து நடத்துவது. இது கற்பனையல்ல. ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் கிராமங்கள் இதைச் செய்து காட்டியுள்ளன. அவை எப்படிச் செய்தன, அதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

கம்பனியின் கணக்கும் ஊரின் கணக்கும்

முதலில் கம்பனியைத் திட்டுவதை நிறுத்துவோம். ஒரு கம்பனி தனது பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு மைல் கம்பி இழுத்தால் நகரத்தில் பல நூறு வாடிக்கையாளர் கிடைப்பர், கிராமத்தில் பத்துப் பதினைந்து பேர்தான் கிடைப்பர். போட்ட முதல் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று பார்ப்பவர் நகரத்துக்கே போவார். நாமும் புதுக்கிளை திறக்கும்போது சன நடமாட்டம் பார்த்துத்தானே இடம் தேடுகிறோம்?

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் இரகசியம் இருக்கிறது. கண்ணாடி இழைக் கம்பி, அதாவது பைபர், விலை கூடிய பொருளல்ல. செலவின் பெரும்பகுதி அதை நிலத்துக்குள் கொண்டுபோகும் வேலைக்கே போகிறது. வீதியைத் தோண்ட அனுமதி வேண்டும், தோண்டிய வீதியைத் திரும்பச் செப்பனிட வேண்டும், தனியார் காணியூடாகப் போவதானால் காணிக்காரருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும், கூலியாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இவை அனைத்தும் கம்பனிக்குப் பணச் செலவு. ஊருக்கோ இவற்றில் பல ஏற்கனவே கையில் இருப்பவை. காணி ஊரவருடையது, உழவு இயந்திரம் ஊரவருடையது, ஓய்வு நாளில் மண்வெட்டி பிடிக்கும் கைகளும் ஊரவருடையவை.

விளங்குவதற்காக ஓர் உதாரணக் கணக்கு. இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. ஒரு கிராமத்துக்குள் கம்பி பரப்ப 60 இலட்சம் ரூபா செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வீடும் கடையுமாக 200 இருக்கின்றன. இருபது பேர் மட்டும் இணைப்பு எடுத்தால் ஒருவர் தலையில் 3 இலட்சம் விழும். எவராலும் முடியாது. 150 பேர் சேர்ந்தால் ஒருவருக்கு 40,000 ரூபா. அந்த 60 இலட்சத்தில் 40 இலட்சம் தோண்டும் வேலைக்கும் காணி அனுமதிக்கும் உரியது, அதை ஊரே உழைப்பாகவும் அனுமதியாகவும் கொடுத்துவிடுகிறது என்றால் ரொக்கமாக வேண்டியது 20 இலட்சம். ஒருவருக்குப் பதின்மூவாயிரம் சொச்சம். மூன்று இலட்சம் பதின்மூவாயிரமாக இறங்கியதற்குக் காரணம் புதுத் தொழில்நுட்பம் எதுவுமில்லை. கூடிய பேர் சேர்ந்தார்கள், கையில் இருந்ததை முதலாகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

லூன் பள்ளத்தாக்கில் நடந்தது

இந்தக் கணக்கை உண்மையாகவே போட்டுப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறார்கள். லங்காஷயர் பிரதேசத்தின் வடபகுதியில் லூன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு, ஆடு மாடு வளர்க்கும் பண்ணைகள் நிறைந்த இடம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பல வயல்கள். அங்கிருந்தது பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அதில் இணைய வேகம் குறையும் என்பதால் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது மிகச் சொற்பமே.

2011ஆம் ஆண்டில் அங்குள்ளவர்கள் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். கிராமிய வடக்குக்கான புரோட்பேண்ட் என்பது அதன் பெயரின் பொருள். அதன் ஆங்கிலச் சுருக்கத்தை 'பார்ன்' என்று உச்சரிக்கிறார்கள், பண்ணைக் களஞ்சியம் என்று அர்த்தம். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்புத் துறையில் இருந்த பெரி ஃபோர்ட் என்பவரும், விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ் கொண்டர் என்ற பெண்மணியும் இதில் முன்னின்றவர்கள். ஒருவர் தொழில்நுட்பம் அறிந்தவர், மற்றவர் ஊரை அறிந்தவர். இந்தச் சேர்க்கை முக்கியமானது. தொழில்நுட்பம் மட்டும் தெரிந்தவர் போய்க் கேட்டால் எந்தக் காணிக்காரரும் வேலியைத் திறந்துவிட மாட்டார்.

2012இல் தோண்டத் தொடங்கினார்கள். வீதியை விட்டுவிட்டு வயல்களூடாகக் குழாய் புதைத்தார்கள். வீதி தோண்டுவதை விட வயல் தோண்டுவது பன்மடங்கு மலிவு. காணிக்காரர்கள் தமது நிலத்தினூடாகக் குழாய் போக இலவசமாக அனுமதி கொடுத்தார்கள். பலர் தமது பகுதிக்கான பள்ளத்தைத் தாமே உழவு இயந்திரம் கொண்டு வெட்டினார்கள். குழாய்க்குள் காற்றழுத்தத்தால் பைபரைச் செலுத்தவும், இரு துண்டு பைபரை இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்டவும் ஊரவர்களே கற்றுக்கொண்டார்கள். விவசாயிகளும் ஓய்வூதியர்களும் இந்த வேலையைச் செய்தது குறிப்பிடத்தக்கது.

முடிவு என்னவென்றால், செக்கனுக்கு 1,000 மெகாபிட் வேகம் பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் மாதக் கட்டணம் 30 பவுண். தரவிறக்கம் செய்யும் அதே வேகம் தரவேற்றத்துக்கும் உண்டு. இது வியாபாரிக்கு மிக முக்கியமான விடயம். படம் பார்ப்பவருக்குத் தரவிறக்கம் போதும். பொருளின் படங்களை அனுப்புபவருக்கும், கடையின் கமரா பதிவை வெளியே சேமிப்பவருக்கும், கணக்குகளின் பிரதியைப் பாதுகாப்பவருக்கும் தரவேற்றம் வேண்டும். எட்டு ஊர்ப் பிரிவுகளில் தொடங்கிய இந்தச் சங்கம் பின்னர் அயல் பிரதேசங்களுக்கும் பரவி 10,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு இணைப்பு வழங்கியுள்ளது. பிற்காலத்தில் அரசாங்கத்தின் கிராமிய இணைய உதவிச் சீட்டுகளும் இதற்குக் கைகொடுத்தன. ஆனால் ஆரம்பம் ஊரவரின் பணத்திலும் உழைப்பிலுமே நடந்தது.

பங்கு, வாக்கு, பூட்டு

வியாபாரிகள் இந்த இடத்தில் கேட்கும் கேள்வி, பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான். நியாயமான கேள்வி. பார்ன் சங்கத்தின் அமைப்பை மூன்று சொற்களில் விளக்கலாம்.

முதலாவது பங்கு. ஒரு பங்கு ஒரு பவுண், குறைந்தது 100 பவுணுக்கு வாங்க வேண்டும். பணம் கொடுத்தவர் மட்டுமன்றி பள்ளம் வெட்டியவரும் வெட்டிய தூரத்துக்கு ஏற்பப் பங்கு பெறலாம். உழைப்பை நன்கொடையாகக் கருதாமல் முதலாகக் கணக்கு வைத்தார்கள். நமது ஊர்ச் சிரமதானங்கள் முதல் நாள் நூறு பேரும் மூன்றாம் நாள் பத்துப் பேருமாகக் கரைவதற்குக் காரணம் அந்த உழைப்புக்கு எந்தக் கணக்கும் இல்லாமையே. வெட்டிய ஒவ்வொரு மீற்றரும் தனது பெயரில் பதிவாகிறது என்றால் ஆள் வருவார்.

இரண்டாவது வாக்கு. நூறு பவுண் போட்டவருக்கும் ஆயிரக்கணக்கில் போட்டவருக்கும் ஒரே ஒரு வாக்குத்தான். கூட்டுறவின் அடிப்படை இது. ஊரின் பெரிய முதலாளி சங்கத்தைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள இயலாது. சின்னக் கடைக்காரர் பயமின்றிச் சேர்வதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது பூட்டு. இது சமூக நலனுக்கான சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. வலையமைப்பு பெறுமதியானதும் அதை ஒரு பெரிய கம்பனிக்கு விற்று, உறுப்பினர்கள் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு போகச் சட்டம் இடமளிக்காது. ஊருக்காகக் காணி கொடுத்தவர், தான் கொடுத்தது நாளை இன்னொருவரின் இலாபமாக மாறாது என்று நம்பலாம்.

அங்கே பங்குகளுக்கு வட்டி என்ற பெயரில் ஒரு கொடுப்பனவு உண்டு. நமது வியாபாரிகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையான இலாபத்திலிருந்து பங்கு கொடுப்பதாகவோ, மாதக் கட்டணத்தில் கழிவு கொடுப்பதாகவோ யாப்பை எழுதிக்கொள்வதற்குக் கூட்டுறவு முறையில் இடமிருக்கிறது.

கம்பி பொது, வியாபாரம் தனி

கூட்டுறவு என்றதும் நம்மில் சிலர், அப்படியானால் வியாபாரிக்கு அதில் என்ன வேலை என்று கேட்பர். இதற்கு ஸ்பெய்னின் கற்றலோனியப் பகுதியில் நல்ல பதில் இருக்கிறது. அங்கே ஒசோனா என்ற மாவட்டத்தில் ரமோன் ரோக்கா என்பவரும் அயலவர்களும் 2004இல் வீட்டுக் கூரைகளில் வயர்லஸ் அன்டனாக்களைப் பொருத்தி ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கினார்கள். குய்ஃபி என்று பெயர். 2008இல் இதற்கென ஒரு மன்றம் பதிவானது. பின்னர் பண்ணைகளிலிருந்து பைபரும் போட்டார்கள். இன்று 30,000க்கும் மேற்பட்ட இணைப்புப் புள்ளிகளைக் கொண்ட, உலகின் மிகப் பெரிய சமூக வலையமைப்புகளில் ஒன்றாக அது இருக்கிறது.

அதன் விசேடம் இதுதான். வலையமைப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அதன் மேல் இணையச் சேவை விற்பவர்கள், அன்டனா பொருத்துபவர்கள், பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் சிறு வியாபாரிகள். தமக்குள் போட்டியும் உண்டு. பொதுக் கம்பியில் யார் எவ்வளவு முதலிட்டார், யார் எவ்வளவு பாவித்தார் என்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். பாவித்ததை விடக் குறைவாக முதலிட்டவர் கூடுதலாக முதலிட்டவருக்கு ஈடுசெய்ய வேண்டும். ஒரே சந்தைக் கட்டடத்தில் பத்துக் கடை நடப்பதைப் போன்றது இது. கட்டடம் பொது, பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம், கடைக்குள் வியாபாரம் அவரவருடையது. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனிச் சந்தை கட்டப் புறப்பட்டால் எல்லோரும் கடனாளியாவோம்.

பணமில்லாத ஊர்களில் இது நடக்குமா என்றால் அதற்கும் உதாரணம் உண்டு. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மங்கோசி என்ற மிக வறிய கிராமப் பகுதி. அங்குள்ளவர்கள் மேற்குக் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு வயர்லஸ் வலையமைப்பொன்றை அமைத்து 2014இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். ஸென்ஸெலெனி என்று பெயர், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பொருள். சூரிய சக்தியில் இயங்கிய அந்த நிலையங்கள் முதலில் வருமானம் ஈட்டியது மின்சாரம் இல்லாத ஊரவரின் கையடக்கத் தொலைபேசிகளைச் சார்ஜ் செய்து கொடுத்து. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இவர்களுக்கு அனுமதிப்பத்திர விலக்கு வழங்கியது.

அமெரிக்காவில் கதை இன்னும் பழையது. 1930களின் நடுப்பகுதியில் அங்கு பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மின்சாரக் கம்பனிகள் அன்று சொன்ன காரணமும் இன்று இணையக் கம்பனிகள் சொல்லும் காரணமும் ஒன்றே: வீடுகள் தூரம், இலாபமில்லை. 1936ஆம் ஆண்டின் கிராமிய மின்மயமாக்கல் சட்டத்தின் கீழ் அரசு குறைந்த செலவில் கடன் கொடுக்க, விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே கம்பி இழுத்தார்கள். இன்றும் அங்கு சுமார் 900 மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. அவற்றில் 200க்கும் மேற்பட்டவை அதே உறுப்பினர்களுக்கு இப்போது இணையமும் வழங்குகின்றன.

நமது நாட்டின் இரண்டு பாடங்கள்

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள், நம்மவர் ஒற்றுமைப்பட மாட்டார்கள் என்பது வழக்கமாகக் கேட்கும் பேச்சு. உண்மையில் இலங்கையின் கிராமங்கள் இதே வேலையை வேறொரு பொருளில் செய்து முடித்தவை. 1990களிலிருந்து இரத்தினபுரி, கேகாலை, நுவரெலியா போன்ற மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் ஓடை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு நீர்மின் திட்டங்கள் எழுந்தன. கிராமத்தவர் மின் பாவனையாளர் சங்கம் அமைத்தார்கள், சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், கம்பம் நட்டார்கள், மாதக் கட்டணம் சேர்த்தார்கள். தொண்டு நிறுவனங்களும், உலக வங்கி உதவியோடு நடந்த திட்டங்களும் கடனும் தொழில்நுட்பமும் கொடுத்தன. இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இப்படி விளக்கெரிந்தது. வாய்க்கால் வெட்டத் தெரிந்த ஊருக்குக் கம்பிக்குழி வெட்டத் தெரியாதா?

ஆனால் இக்கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். தேசிய மின்கம்பி அந்தக் கிராமங்களை எட்டியபோது பல சங்கங்கள் கைவிடப்பட்டன. தமது மின்சாரத்தைத் தேசிய வலையமைப்புக்கு விற்கும் நிலைக்கு வந்தவை மிகச் சிலவே. பெரியவர் வரும்போது சிறியவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் முன்கூட்டியே பதில் இருக்கவில்லை. இணையத்திலும் இது நடக்கும். அமெரிக்க விவசாயிகள் கம்பி இழுக்கத் தொடங்கியதும், அதுவரை எட்டிப் பார்க்காத சில மின் கம்பனிகள் அவசர அவசரமாக வந்து, நல்ல வருமானம் தரும் வாடிக்கையாளருக்கு மட்டும் கம்பி போட்டுச் சங்கத்தைக் குழப்பின. சங்கம் வெற்றி பெறும் அறிகுறி தெரிந்ததும் கம்பனி கதவைத் தட்டும். ஆறு மாதம் அரைக் கட்டணம் என்று விளம்பரம் செய்யும். அந்த ஆறு மாதமும் உறுப்பினர் விலகாமல் நின்றால்தான் சங்கம் பிழைக்கும். அவர் நிற்பதற்கு அவருடைய பங்குப் பணம் உள்ளே இருக்க வேண்டும். ஆகவேதான் இலவச இணைப்புக் கொடுத்து ஆள் சேர்க்கும் சங்கத்தை விட, சிறு தொகையேனும் பங்கு வாங்க வைக்கும் சங்கம் உறுதியானது.

இரண்டாவது பாடம் சங்கக்கடை. யுத்த காலப் பங்கீட்டு அரிசியிலிருந்து வளர்ந்த இயக்கம் அது. 1970களின் தொடக்கத்தில் சிறிய ஊர்ச் சங்கங்கள் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக இணைக்கப்பட்டு, இயக்குநர் சபைகளில் அரச நியமனங்கள் புகுந்தன. உறுப்பினருக்குத் தன் சங்கம் என்ற எண்ணம் போய், அது அரசாங்கக் கடை என்றாகிவிட்டது. அதற்கு எதிர்மாறாக, 1978இல் பீ. ஏ. கிரிவந்தெனியவின் முயற்சியில் புத்துயிர் பெற்ற சணச சிக்கன கடனுதவு இயக்கம் கிராம மட்டச் சேமிப்பை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. இரண்டும் கூட்டுறவுதான். எங்கே உறுப்பினர் கேள்வி கேட்க முடிந்ததோ அங்கே சங்கம் வளர்ந்தது. இணையக் கூட்டுறவு தொடங்குபவர் தலைவர் பதவிக்குக் காலவரையறை, வெளிக் கணக்காய்வு, மாதாந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுதல் ஆகிய மூன்றையும் முதல் நாளே யாப்பில் எழுதிவிட வேண்டும்.

எழும் ஆட்சேபனைகள்

கையடக்கத் தொலைபேசியில் 4ஜி வந்துவிட்டது, பிறகு கம்பி எதற்கு என்பர். தொலைபேசி இணைப்பு ஒருவருக்குப் போதும். ஒரே கோபுரத்தை ஊர் முழுவதும் மாலை நேரத்தில் பாவிக்கும்போது வேகம் பகிரப்படுகிறது. கமராவும் கணினியும் பட்டியல் இயந்திரமும் உள்ள கடைக்கு அது ஈடுகொடுக்காது. மேலும் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்ததை நாம் மறக்கவில்லை. இரு முனைகளிலும் உள்ள இயந்திரங்களுக்கு மின்சாரம் இருந்தால் போதும், இடையில் கிடக்கும் பைபருக்கு மின்சாரம் வேண்டாம். ஒரு சிறு சூரியத் தகடும் பற்றரியும் அந்த முனைகளைத் தாங்கும்.

ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை வந்துவிட்டதே என்றும் கேட்பர். இலங்கையில் அதற்கு 2024 ஓகஸ்டில் அனுமதி கிடைத்து 2025 ஜூலையில் சேவை ஆரம்பமானது. காட்டோரத்தில் தனித்து நிற்கும் ஒரு தோட்டத்துக்கோ, கடலோர விடுதிக்கோ அது நல்ல தீர்வு. நூறு வீடு நெருங்கியிருக்கும் கிராமத்தில் நூறு பேரும் நூறு தட்டு வாங்கி, நூறு சந்தாவை மாதாமாதம் வெளிநாட்டுக்கு அனுப்புவது கெட்டிக்கார வியாபாரியின் கணக்காகாது. ஒரு மூட்டை சீனியைச் சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்று தெரிந்த நமக்கு இது தெரியாமல் போகக்கூடாது.

மூன்றாவது ஆட்சேபனை சட்டம். இதுவே பாரதூரமானது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் தொலைத்தொடர்பு முறைமையொன்றை நடத்த முடியாது. எனவே ஆர்வத்தில் ஊருக்குள் கம்பி இழுத்துக் காசு வாங்கத் தொடங்குவது ஆபத்தானது. அப்படிச் செய்யும்படி இப்பத்தி எவருக்கும் சொல்லவில்லை. ஆனால் சட்டம் கல்லில் பொறித்ததல்ல. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்துப் பழங்குடிக் கிராமங்கள் 2013இல் தமது சொந்தக் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பைத் தொடங்கின. 2016இல் அந்நாட்டு அதிகார சபை அவர்களின் சங்கத்துக்கு இலாப நோக்கற்ற சமூக அனுமதிப்பத்திரம் கொடுத்தது. நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர் மலைக் கிராமங்களை வயர்லஸ் மூலம் இணைத்து 2007இல் மகசேசே விருது பெற்றார். அங்கும் வேலை முதலில் நடந்தது, வயர்லஸ் பாவனைக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தது பின்னர்தான். நமது நாட்டிலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று சிறிய, மலிவான ஒரு அனுமதிப்பத்திர வகை வேண்டும் என்று வர்த்தக சங்கங்கள் ஒரே குரலில் கேட்க வேண்டும். கோபுரங்களுக்கான கோரிக்கை மனுக்களை எழுதிக் கொடுத்து வந்த நாம், இனி உரிமைக்கான மனுவை எழுதுவோம்.

இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதலாவதாக, ஊரின் தேவையை எண்ணுங்கள். எத்தனை கடை, ஆலை, பாடசாலை, பள்ளிவாசல், வீடு, யார் மாதம் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல் கையொப்பத்தோடும், முடியுமானால் ஒரு சிறு முற்பணத்தோடும் இருக்கட்டும். லூன் பள்ளத்தாக்கிலும் போதிய பேர் சேர்ந்து பணமும் திரண்ட ஊர்களுக்கே குழி வெட்டினார்கள்.

இரண்டாவதாக, அந்தப் பட்டியலோடு அனுமதி பெற்ற கம்பனியிடமே போய்ப் பேசுங்கள். தனியாளாகப் போனால் வசதியில்லை என்பவர், நூற்றைம்பது கையொப்பமும் காணி அனுமதியும் குழி வெட்ட ஆளும் இருக்கிறது என்றால் நாற்காலியைக் காட்டுவார். ஊர் எல்லைவரை அவர் கம்பி, ஊருக்குள் குழியும் குழாயும் நமது சங்கத்தின் சொத்து என்று ஓர் ஒப்பந்தம் பேசலாம். அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் எழுத்து மூல அனுமதியை முதலிலேயே பெற வேண்டும். கம்பனி பின்னர் மாறலாம். மண்ணுக்குள் இருக்கும் குழாய் நம்முடையதாக இருந்தால் அடுத்த கம்பனி அதே குழாய்க்கு வாடகை தந்து வரும். கடைக்குச் சொந்தக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை வியாபாரிக்கு விளக்கத் தேவையில்லை.

மூன்றாவதாக, சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இருக்கிறது. கூட்டுறவுத் துறை மாகாண சபைகளுக்குரியது என்பதால் மாகாணக் கூட்டுறவு ஆணையாளர் அலுவலகத்தில் இதற்கான வழிகாட்டலைப் பெறலாம். நான்காவதாக, ஊரில் ஓரிரு இளைஞர்களை பைபர் ஒட்டும் வேலைக்கும் வலையமைப்புப் பராமரிப்புக்கும் பயிற்றுவியுங்கள். பழுது ஏற்பட்டால் நகரத்திலிருந்து ஆள் வரும்வரை மூன்று நாள் காத்திருக்கும் சங்கத்தை எவரும் நம்பமாட்டார்கள். அந்த இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொண்டர்களின் உற்சாகம் குழி வெட்டும்வரை நிற்கும், இரவு பத்து மணிக்குப் பழுது பார்க்கச் சம்பளக்காரரே வருவார்.

இதில் வர்த்தகர்கள் முன்னிற்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சீட்டுப் பிடித்து முதல் திரட்டவும், கடன் கொடுத்தவனை மறக்காமல் கணக்கு வைக்கவும், மொத்தமாக வாங்கிப் பங்கிடவும் ஊரில் தெரிந்தவர் அவர்தான். ஊருக்குள் யார் சொன்னால் காணிக்காரர் வேலியைத் திறப்பார் என்று அறிந்தவரும் அவரே. இந்தத் திறமைகளைக் கொண்டுதான் லூன் பள்ளத்தாக்கு விவசாயிகளும் மங்கோசிக் கிராமத்தவரும் கம்பனி செய்யாததைச் செய்தார்கள். பள்ளிவாசல் நிர்வாக சபையிலும் வர்த்தக சங்கத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருப்பவர்கள் அநேகமாக ஒரே ஆட்கள்தான். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தையும் ஒரு வரியாகச் சேர்த்து, தேவையை எண்ணும் வேலையை இருவரிடம் ஒப்படைப்பதற்கு ஒரு சதமும் செலவாகாது.